மே மாதத்துச் சுத்தியல்

ஹென்னிங்குக்கு அந்தப் பரீட்சையில் வேண்டியிருந்தது வெறும் இரண்டு. அதை '02' என்று எழுதுவார்கள். முன்னால் சுழியம் இருந்தால் யாரும் பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்துப் பன்னிரண்டாக்கிவிட முடியாது என்று ஏற்பாடு. பன்னிரண்டுதான் உச்சம். ஹென்னிங்குக்கு உச்சத்தின்மேல் ஆசையில்லை. இருபத்து நான்கு வருஷம் பன்றி வெட்டும் ஆலையில் பின்தொடைப் பிரிவில் நின்றவன் அவன். ஆலையை மூடிய பிறகு இரண்டு வருஷமாக மழலையர் பள்ளியில் உதவியாள். அந்த 02 வந்தால், ஆகஸ்டில் மழலையர் ஆசிரியர் படிப்பில் அவனுக்கென்று வைத்திருந்த இடம் அவனுடையது. வராவிட்டால் படிப்பும் இல்லை, ஜூலையோடு உதவியாள் வேலையும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில் முதுகு வலியும் கத்தி பிடித்த கையும்தான் மிச்சம்.

ஆக, இரண்டு போதும். சிக்கல் என்னவென்றால், அதைப் போட வேண்டியவள் சிசெல். சிசெல்மேல் அவன் முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பெரியவர்களுக்கான அந்தப் பள்ளியில் டேனிஷ் பாடம் எடுத்தவள் சிசெல். முப்பத்தாறு வயது, குட்டை முடி. செருப்புச் சத்தம் வகுப்புக்கு வெளியிலிருந்தே திட்டிக்கொண்டு வரும். டென்மார்க்கில் ராஜ குடும்பத்தைத் தவிர யாரும் யாருக்கும் 'நீ'தான். அந்த 'நீ'க்குள் எத்தனை முள் வைக்க முடியும் என்பதை அவளிடம் கற்றுக்கொள்ளலாம். முதல் நாளே எல்லோருக்கும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் கொடுத்தாள். தலைப்பு 'கருவிப் பெட்டி'. கீழே இருபத்தெட்டு சொற்கள்: கதைசொல்லி, நோக்குநிலை, குறியீடு, படிமம், முரண்நகை, முன்னறிகுறி என்று வரிசையாக.

"நாவல்ல என்ன நடக்குதுன்னு என்கிட்டச் சொல்லாதீங்க. நானும் படிச்சிருக்கேன். எப்படிச் சொல்லியிருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

ஹென்னிங் கையைத் தூக்கினான். "நான் ஒரு பன்னிய முப்பது துண்டாப் பேர் சொல்லிப் பிரிப்பேன். ஆனா பேர் வைக்கிறதுக்கு முன்னாடி அது செத்திருக்கணும்."

வகுப்பு சிரித்தது. சிசெல் சிரிக்கவில்லை. "அதுக்கும் எலும்பு எங்க இருக்குன்னு தெரியணும்ல? நீ கத்திய வெச்சுக்கிட்டு வால்கிட்டயே நிக்கிற."

அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் புகார் வரைக்கும் போனதற்குக் காரணம் ஏவால்.

ஏவால் ஒரு நாவலின் ஆள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில், மேற்குக் கரையில், தோலுக்காக மிங்க் என்னும் கீரி போன்ற பிராணியை வளர்க்கும் பண்ணைக்காரன். மனைவி தன்னை விட்டுப் போன கதையை அவனே சொல்கிறான். அவளுக்குக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் போய்விட்டாள் என்கிறான். பத்துப் பக்கத்துக்கு ஒரு தரம் 'நான் பொறுமைசாலி' என்கிறான். சிசெல் கரும்பலகையில் 'நம்பத்தகாத கதைசொல்லி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். மனைவியின் சைக்கிள் சாவி ஏன் எப்போதும் இவன் சட்டைப்பையில் இருக்கிறது? வீட்டுத் தொலைபேசி ஏன் கொட்டகைக்குப் போனது?

"தோல் வியாபாரி கொட்டகைக்குத்தான் கூப்பிடுவான்" என்றான் ஹென்னிங். "சாவிய ஒருத்தன் பத்திரமா வெச்சுக்கிட்டா அவன் பொய்யனா? பாவம், பொண்டாட்டி போயிட்டா. அவன் வாய்ல வர்றத நம்பாம நீ எதை நம்புவ?"

"அவ என்ன சொல்றாங்கிறத."

"அவதான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதான் ஹென்னிங். முந்நூறு பக்கத்துல மூணு வாக்கியம்தான் பேசுறா. ஏன்?"

ஹென்னிங்குக்கு இந்த மாதிரி இடத்தில் ஒரு வழி உண்டு. தன் கதையை எடுத்துவிடுவான். அவனுடைய மனைவி லோனெ ஒன்பது வருஷத்துக்கு முன் போனாள். அதை அவன் சொந்தக்காரர்களின் ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் சொல்லியிருக்கிறான்: "ஆலையிலிருந்து வந்து கட்டிப்பிடிச்சேன். 'ஹென்னிங், உன்மேல பன்னி வாசம்'னா. 'பதினேழு வருஷமா இதே வாசம்தானே'ன்னேன். 'அதான்'னா. பெட்டிய எடுத்துட்டா." கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு மடக்கு பீர் குடிப்பான். கூட்டம் மேசையைத் தட்டும். வகுப்பிலும் சொன்னான், பீருக்குப் பதில் காபி. வகுப்பும் மேசையைத் தட்டியது.

சத்தம் அடங்கியதும் சிசெல் கேட்டாள். "நல்லா சொல்ற. லோனெ இதை எப்படிச் சொல்லுவா?"

யாரும் சிரிக்கவில்லை. ஹென்னிங்குக்குக் காது சூடானது. முதல்வருக்கு எழுதிய கடிதத்தில், தன் சொந்த வாழ்க்கையை ஆசிரியை வகுப்பின் முன் வெட்டிக் காட்டியதாகவும், தான் அதற்குப் பொறுமையாகவே பதில் சொன்னதாகவும் குறிப்பிட்டிருந்தான். அன்று வகுப்பில் ஒரு நாற்காலியும் விழுந்தது; தானாக விழுந்தது என்று நினைத்தானோ என்னவோ, அதை எழுதவில்லை.

ஜூன் பத்தொன்பது, பரீட்சை நாள். அறைக்குள் ஒரு மேசை, அதன்மேல் வழக்கமான பச்சைத் துணி. அந்த நாட்டில் வாய்மொழிப் பரீட்சை என்றாலே அந்தப் பச்சைத் துணிதான். ஒரு பக்கம் சிசெல். அவளுக்குப் பக்கத்தில் வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் பிரேபென். அறுபதைத் தாண்டியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, எதிரில் யார் வந்தாலும் பஸ் தாமதமாக வந்தது போலப் பார்த்தார். பரப்பி வைத்த சீட்டுகளில் ஒன்றை ஹென்னிங் எடுத்தான்.

ஏவால். பதினொன்றாம் அத்தியாயம். மனைவி போகும் நாள்.

சிசெல் உதட்டோரத்தை அசைக்காமல் சொன்னாள். "ஒரு மணி நேரம் தயாரிப்பு. அப்புறம் அரை மணி நேரம் எங்களோட."

தயாரிப்பு அறையில் உட்கார்ந்ததும் ஹென்னிங் ஒரு முடிவுக்கு வந்தான். சண்டை வேண்டாம். அவளுக்கு என்ன வேண்டுமோ அதையே அவள் தட்டில் வைத்துவிடலாம். இருபத்தெட்டுச் சொற்களும் அவனுக்கு மனப்பாடம். மழலையர் பள்ளியில் பிள்ளைகள் தூங்கும்போது முணுமுணுத்துப் பழகியவை. ஏவாலை நம்பத்தகாத கதைசொல்லி என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை எழுதும்போது கூட வேலை செய்தவனைக் காட்டிக்கொடுப்பது போலிருந்தது. 02, 02 என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுதினான்.

பச்சை மேசையில் எட்டு நிமிஷம் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். தன்மையில் சொல்லும் கதைசொல்லி. நோக்குநிலை குறுகியது. 'நான் பொறுமைசாலி' என்பது முரண்நகை. சைக்கிள் சாவி முன்னறிகுறி. காற்று குறியீடு. கதைசொல்லி நம்பத்தகாதவன். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

சிசெல் குறிப்பேட்டைப் பார்த்தபடி இருந்தாள். பிரேபென் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"காலைல இருந்து நாலு பேரு இந்தக் காத்தை எனக்குக் குறியீடா வித்துட்டாங்க. நீ அஞ்சாவது" என்றார். "கருவியெல்லாம் மேசைமேல அழகா பரப்பிட்ட. எதையாவது கழட்டிப் பாத்தியா?"

"எல்லாம் சொல்லிட்டேனே."

"பேரைச் சொன்ன. பேரை மட்டும் சொல்றவங்களுக்கு நான் சுழியம் போட்டு அனுப்பியிருக்கேன். ரெண்டு சுழியம்." பிரேபென் தாளை அவன் பக்கம் தள்ளினார். "அவன் நம்பத்தகாதவன்னு சொல்றல்ல? இந்தப் பக்கத்துல எந்த வாக்கியத்தை நீ நம்பல? ஒரே ஒரு வாக்கியம். விரல் வெச்சுக் காட்டு."

ஹென்னிங் விரலைத் தூக்கினான், வைக்க இடம் தெரியவில்லை. உண்மை என்னவென்றால், ஏவால் சொன்ன எல்லாவற்றையும் அவன் நம்பினான். நம்பாதவன்போல நடித்து எட்டு நிமிஷம் ஓட்டியிருந்தான். சிசெல்லுக்கு அது தெரியும். பேனாவை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டு அவள் காத்திருந்த விதத்தில் அது தெரிந்தது. உதவிக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"சத்தமா படி" என்றார் பிரேபென். "படிச்சா சில பேருக்குக் காது கேக்கும்."

ஹென்னிங் படித்தான். பிள்ளைகளுக்குப் படித்துப் பழகிய குரல், அது தானாக நிதானித்தது.

"'மே மாதம், இரண்டாவது ஞாயிறு. நான் கொட்டகைக் கூரைமேல் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். அவள் பெட்டியோடு வாசலைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். இனி காற்றைப் பற்றி அவள் குறை சொல்ல வேண்டியதில்லை. நான் இன்னும் நாற்பது ஆணி அடித்தேன்.'"

படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுபடி முதல் வரிக்குப் போனான்.

"மே மாசமா" என்றான்.

"என்ன?"

"மே மாசத்துல எவனும் மிங்க் கொட்டகைக் கூரையில ஆணி அடிக்க மாட்டான்."

பிரேபென் சிசெல்லைப் பார்த்தார். சிசெல் ஹென்னிங்கைப் பார்த்தாள்.

"எங்க மாமாவுக்குப் பண்ணை இருந்துச்சு. ஸ்கூல் லீவெல்லாம் அங்கதான். மே மாசத்துல குட்டிங்க பிறந்து ரெண்டு வாரம்கூட ஆகியிருக்காது. கட்டைவிரல் அளவு, கண்ணு திறக்காது. ஒரு வாளி கீழ விழுந்தாப் போதும், தாய் மிரண்டு குட்டிங்களக் கடிச்சுத் தின்னுடும். மாமா அந்த மாசம் இருமுறதுக்குக்கூட ரோட்டுக்குப் போவாரு. இவன் என்னடான்னா கூரைமேல ஏறி நாப்பது ஆணி அடிச்சேங்கிறான். அடிச்சிருந்தா ஒரு வருஷத்துத் தோலும் போயிருக்கும்."

"அடிக்கலைங்கிற" என்றார் பிரேபென்.

"கூரையிலயே ஏறல."

அறையில் பேனா உருளும் சத்தம் நின்றது. அடுத்து வந்தது சிசெல்லின் குரல், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது மாதிரி.

"சரி. எழுதினவருக்கு மிங்க் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கோ. நகரத்துல உக்காந்து எழுதினவர். அப்ப இது ஏவாலோட பொய்யா, எழுத்தாளரோட பிழையா? ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னு வருஷம் முழுக்கச் சொன்னேன். தாள்ல முதல் சொல்லே அதுதான்."

ஹென்னிங்குக்குக் கோபம் வந்தது. கையில் அகப்பட்டதைக் காலால் தட்டிவிடுகிறாள் என்று தோன்றியது. ஆனால் கேள்வி நெஞ்சில் தைத்துவிட்டது. எழுதினவருக்குத் தெரியாமலிருந்தால் தன் கண்டுபிடிப்பு வெறும் பண்ணைக்காரன் அலட்டல். பிரேபென் இரண்டு சுழியத்தை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். நாவலை இழுத்துப் பக்கங்களைத் தள்ளினான். ஏவாலுக்காகச் சண்டை போடுவதற்கென்றே நாலு தரம் படித்த புத்தகம் அது. எங்கே எது இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். மூன்றாம் அத்தியாயம், நடுப்பக்கம்.

"'மே மாதத்தில் என் பண்ணையில் யாரும் மரச்செருப்பு போட்டு நடக்கக் கூடாது. காலுறையோடுதான். அவளிடம் ஏழு முறை சொல்லியிருக்கிறேன். நான் பொறுமைசாலி.'"

புத்தகத்தை விரித்தபடி சிசெல்முன் வைத்தான். "எழுதினவருக்குத் தெரியும். அவர்தான் இதை முன்னாடியே எழுதி வெச்சிருக்காரு. ஏவாலுக்கும் தெரியும். தெரிஞ்சே கதையில கூரை மேல ஏறிக்கிட்டான். பொய் ஏவாலோடது. எழுத்தாளர் அவனுக்குத் தெரியாம நமக்குக் காட்டிக் குடுக்குறாரு."

சிசெல் அந்தப் பக்கத்தைப் படித்தாள், தன் புத்தகத்திலும் புரட்டிப் பார்த்தாள். அவள் புத்தகத்தில் அந்த வரிக்கு அருகில் மஞ்சள் மை இல்லை. ஏழு வருஷமாக அந்த நாவலை நடத்துகிறாள். அவள் புத்தகத்தில் மஞ்சள் இல்லாத பக்கம் அபூர்வம்.

"கூரை எதுக்கு?" என்றார் பிரேபென். குரலில் பஸ் வந்துவிட்டிருந்தது. "பொய் சொல்றதுன்னா சமையலறைல இருந்தேன்னு சொல்லலாம். வயல்ல இருந்தேன்னு சொல்லலாம்."

"கூரைமேல இருந்தா எல்லாம் தெரியும், ஒண்ணும் கேக்காது." ஹென்னிங் மெதுவாகச் சொன்னான். "அவ என்னமோ சொல்லியிருக்கா. போறதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லாம யாரு போவா? அது காதுல விழலைன்னு ஆகணும் அவனுக்கு. அதான் கதையில கூரை ஏறிட்டான், சுத்தியலும் எடுத்துட்டுப் போயிட்டான். சிரிச்சாங்கிறான். அவ்வளவு தூரத்துல இருந்து பாத்தா சிரிக்கிறதும் அழறதும் ஒரே மூஞ்சிதான்."

"வருஷம் முழுக்க அவன் பொய்யே சொல்லலைன்னு கத்தினது நீதானே" என்றாள் சிசெல்.

"ஆமா. நான் தோத்துட்டேன், எழுதிக்கோ. ஆனா நீ சொன்ன காரணத்தால இல்ல. சைக்கிள் சாவியெல்லாம் சப்பை. உன் தாளு சரி, நீ காட்டின இடம் தப்பு."

"என் தாள் இல்லாம 'எழுத்தாளர் வேற, கதைசொல்லி வேற'ன்னு உனக்குச் சொல்ல வந்திருக்குமா?"

"வந்திருக்காது" என்று ஒப்புக்கொண்டான், பல்லைப் பிடுங்கக் கொடுப்பவன்போல.

பிரேபென் ஏதோ எழுதினார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார். "ஒருத்தன் இப்படித் தூரமா போய் நின்னுக்கிட்டுக் கதை சொல்றான்னு உனக்கு எப்படிப் பிடிபட்டுச்சு? மிங்க் சரி. மிச்சம்?"

ஹென்னிங்குக்குத் தன் பன்றி வாசக் கதை ஞாபகம் வந்தது.

ஆலையில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும், பன்றி வெட்டுகிறவன் ஊரிலேயே சுத்தமானவன். உள்ளே போகும்போது வெள்ளை உடுப்பு, வெளியே வரும்போது குளியல். குளிக்காமல் வெளியே போக வழியே கிடையாது. இருபத்து நான்கு வருஷமும் தினம் மூன்றேகால் மணிக்கு எலுமிச்சை சோப்பு வாசத்தோடு வீட்டுக்குப் போனவன் அவன். பன்றி வாசம் என்று லோனெ சொல்லவே இல்லை. சொன்னது வேறு. சமையலறையில், கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு, ஒரு வருஷத்தில் அவளிடம் அவன் கேட்ட கேள்விகளை எண்ணிச் சொன்னாள். பெரிய எண் இல்லை. டிவியில் கைப்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒலியைக் கூட்டினான். ஆலை நண்பர்கள் முன்னால் அவன் பன்றி வாசக் கதையைச் சொன்னதே இல்லை. அது ஏன் என்று இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு தரமும் அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"அது பரீட்சைல இல்ல" என்றான்.

"இல்லதான்" என்றாள் சிசெல் உடனே, பிரேபெனை முந்திக்கொண்டு. "நேரம் ஆச்சு. வெளிய இரு."

தாழ்வாரத்தில் வேறு யாரையோ வாழ்த்த வந்த உறவுக்காரர்கள் சின்னக் கொடிகளோடும் கேக்கோடும் நின்றிருந்தார்கள். ஹென்னிங்குக்கு யாரும் வரவில்லை. வராதே என்று அவன்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். கதவுக்குப் பின்னால் இரண்டு குரல்கள் ஏறி இறங்கின. சொல் பிரியவில்லை. ஒரு தரம் சிசெல்லின் குரல் நன்றாகவே ஏறியது. அது தனக்காகவா, எதிராகவா என்று கண்டுபிடிக்க முடியாமல் அவன் கொடிக்காரர்களின் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமாவின் மிங்க்கை நம்பி வாழ்க்கையைப் பச்சைத் துணிமேல் வைத்துவிட்டோமே, அந்தச் சொற்களோடு நிறுத்தியிருந்தால் பிரேபென் ஒருவேளை இரக்கப்பட்டு இரண்டு போட்டிருப்பாரோ என்று பட்டது.

கதவு திறந்தது. பிரேபென்தான் சொன்னார்.

"ஏழு. சொற்களை ஒப்பிச்ச எட்டு நிமிஷத்துக்கு நான் ஒண்ணும் குடுக்கல. மிச்ச நேரத்துக்கு ரெண்டு பேரும் குடுத்தோம்."

யார் கூட்டினார்கள், யார் குறைத்தார்கள் என்று வெளியே சொல்லமாட்டார்கள், அது விதி. குறைத்தது சிசெல்தான் என்று ஹென்னிங் அந்த நொடியிலேயே தீர்மானித்துக்கொண்டான், எந்த ஆதாரமும் இல்லாமல். மனிதர்கள் ஒரே நாளில் அவ்வளவு திருந்திவிடுவதில்லை.

பிரேபென் காபி தேடிப் போனதும் அவன் நாற்காலியை மேசைக்குள் தள்ளினான். "அந்தப் புகார்..." என்று ஆரம்பித்தான். "வாபஸ் வாங்கிடட்டுமா?"

"எதுக்கு? ஏழு போட்டதுக்கா?" சிசெல் அடுத்த ஆளின் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வேண்டாம். அப்படியே வை. எல்லார் முன்னாடியும் உன்கிட்ட அதைக் கேட்டிருக்கக் கூடாது. முதல்வர்கிட்ட நானே சொல்லிட்டேன், போன வாரம்."

"ஓ" என்றான்.

"கேள்வி சரியான கேள்விதான்" என்றாள். "கேட்ட இடம்தான் தப்பு."

"நாற்காலிய நான் உதைச்சேன்" என்றான் ஹென்னிங். "அதை நான் எழுதல."

"தெரியும். என் கால்லதான் விழுந்துச்சு." அவள் அவனுடைய புத்தகத்தை நீட்டினாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு தாள் துண்டு செருகியிருந்தது. அவள் எடுக்க மறந்திருக்க வேண்டும். பக்க எண்ணைத் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே குறித்துவைத்திருந்தாள். "கிளம்பு. அடுத்த ஆள் வாசல்ல வாந்தி எடுக்குற மாதிரி நிக்குது."

வெளியே வந்து, சைக்கிள் பூட்டைத் திறப்பதற்கு முன் மழலையர் பள்ளித் தலைவி ஊல்லாவைக் கூப்பிட்டான். பின்னணியில் இருபது பிள்ளைகள் எதையோ உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு" என்றான்.

"எவ்வளவு வேணும்னு சொன்ன?"

"ரெண்டு."

"மிச்சம் அஞ்சை என்ன பண்ணப் போற?"

"வெச்சுக்கறேன்" என்றான் ஹென்னிங். "படிப்பு மூணரை வருஷம். அங்கயும் ஒரு கருவிப் பெட்டித் தாள் குடுப்பாங்க."